கப்பல் நின்ற பிறகும் நிற்காத வியர்வை: ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்து விவசாயக் குடும்பம் ஒன்று சென்னையிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பலில் போய்த் திரும்பியபோது நடந்தது இது. அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், உறவுக்காரி என்ற முறையில் அவர்களோடு போயிருந்தேன். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயர், கப்பலின் பெயர் எதுவும் இதில் இல்லை. கடல் குமட்டலை எப்படித் தடுப்பது, வந்தால் என்ன செய்வது என்பது இதில் ஒரு பாதி. சர்க்கரை மாத்திரை போடுகிற ஒருவருக்குக் குமட்டல் வரும்போது அதற்குப் பின்னால் வேறொரு ஆபத்து கண்ணில் படாமல் போகலாம் என்பது இன்னொரு பாதி. இதை எழுதத் தூண்டியது அந்த இரண்டாவது பாதிதான்.

பின்னணி

எங்கள் பக்கம் மாங்காய் சீசன் ஜூலையோடு ஓய்ந்துவிடும். கடைசியாக நீலம் ரக மாங்காய் இறங்கி, கூழ் ஆலைக்குப் போன பெங்களூரா ரகத்துக்குப் பணம் கைக்கு வந்த பிறகுதான் தோப்புக்காரர் வீடுகளில் ஊர் சுற்றும் பேச்சே எழும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில்தான் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் ஓடுகிறது என்பதால் ஆகஸ்ட் மாதம் இரண்டுக்கும் பொருந்தி வந்தது. சென்னை, அம்பாந்தோட்டை, திருகோணமலை, மறுபடி சென்னை. ஐந்து இரவுப் பயணம்.

போனவர்களில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் நான்கு பேர். முதலாமவர் என் பெரியம்மா மகன், வயது 64. அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். பல வருடமாகச் சர்க்கரை. காலைச் சாப்பாட்டுக்கு முன் கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை. நீர் மாத்திரை கலந்த டெல்மிசார்டன், பிரஷருக்கு. புராஸ்டேட் வீக்கத்துக்கு இரவில் டாம்சுலோசின். இரண்டாமவர் அவருடைய மருமகள், வயது 34, ஒற்றைத் தலைவலிக்காரர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவில் பாதியைத் தாண்டுவதற்குள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிடுவார். மூன்றாவது, எட்டு வயதுப் பேரன். நான்காவது, எண்பதைத் தாண்டிய என் பெரியம்மா. எல்லாரும் கவலைப்பட்டது பெரியம்மாவை நினைத்துத்தான். கடைசி வரை ஒரு ஏப்பம்கூட விடாமல் மூன்று வேளையும் சாப்பிட்டது அவர் ஒருவர்தான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அபூர்வம், இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை அதிகம், வயது ஏற ஏறக் குறைவு. பெண்களுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடுதல்.

புறப்படும் முன்

பயணத்துக்கு முந்தைய வாரம் மருமகள் மெடிக்கலில் 'வாந்தி மாத்திரை' என்று கேட்டு ஆன்டான்செட்ரான் அட்டைகளை வாங்கி வந்திருந்தார். வயிற்றுக் கோளாறு, புற்றுநோய் மருந்து இவற்றால் வரும் வாந்திக்கு அது நல்ல மருந்து. ஆட்டத்தால் வரும் குமட்டலைத் தடுப்பதில் அதனால் பெரிய பயன் இல்லை. காரணத்தை அவருக்குச் சொன்னேன். கப்பல் ஆடும்போது உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது. அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'நகரவில்லை' என்கிறது. இந்த முரண்பாடு மூளையில் வாந்தியைத் தூண்டும் பாதையில் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் முக்கியம். அவற்றைத் தடுக்கும் மருந்துதான் வேலை செய்யும். உட்காதின் இந்த உறுப்பு இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களுக்கு எந்தப் புயலிலும் கடல் குமட்டல் வருவதில்லை என்பதிலிருந்தே அதன் பங்கு தெரியும். தூக்கம் வராத புது வகை அலர்ஜி மாத்திரைகளும் இதற்கு உதவுவதில்லை. அவை மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை, தூக்கம் வராததற்கும் அதுதான் காரணம்.

எங்கள் குடும்ப டாக்டர் மருமகளுக்கு அவோமின் எனப்படும் புரோமெத்தசின் தியோக்ளேட் 25 மி.கி. எழுதினார். கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு படுக்கும்போது ஒன்று, அப்புறம் ஒவ்வொரு இரவும் ஒன்று. பேரனுக்கு அதில் பாதி. வாந்தி தொடங்கிய பிறகு விழுங்குகிற மாத்திரை இரைப்பையைத் தாண்டாது. குமட்டும்போது இரைப்பை தன் வேலையையே நிறுத்திக்கொள்ளும். அதனால் முன்கூட்டிப் போடுவது கட்டாயம். இன்னொன்றும் சொன்னார்: "கப்பல்ல போயி முதல் முறையாப் போட வேண்டாம். வீட்டுலயே ஒரு ராத்திரி போட்டுப் பாருங்க." மருமகள் சனிக்கிழமை இரவு போட்டுப் பார்த்து மறுநாள் எட்டு மணிக்கு எழுந்து, "அத்தை, இதைப் போட்டா கப்பலைப் பார்க்கிறதா, தூங்குறதா?" என்று கேட்டார். பத்து மணிக்குத் தெளிந்துவிட்டது. மாலையில் கப்பல் ஏறுபவருக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை என்பதால் அளவை மாற்றவில்லை.

அண்ணனுக்கு டாக்டர் அவோமின் எழுதவில்லை. புராஸ்டேட் பெருத்தவர்களுக்கு இந்த வகை மருந்து சிறுநீரை அடைத்துவிடலாம். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டையை வெளிநாட்டுச் சொந்தம் ஒன்று அனுப்பித் தருவதாகச் சொன்னதையும் அதே காரணத்துக்காக வேண்டாம் என்றார். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் அந்தப் பட்டை ஆகாது. அண்ணனுக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. "எனக்கென்னம்மா, டில்லி வரைக்கும் மாங்கா லோடு ஓட்டினவன். ஆட்டமெல்லாம் பழகினதுதான்" என்றார். வண்டி ஓட்டுகிறவருக்குக் குமட்டல் வராதது உண்மைதான். அடுத்த திருப்பம் எப்போது என்று அவர் மூளைக்கு முன்பே தெரியும். ஆனால் கப்பலில் அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவதில்லை. தடுப்பு மருந்து இல்லை என்று முடிவானதே தவிர, வாந்தி வந்தால் அவருடைய மற்ற மாத்திரைகளை என்ன செய்வது என்ற பேச்சு அன்று எழவே இல்லை.

அறை விஷயத்தில் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. பையன்களுக்கு மேல் தளத்தில் பால்கனி வைத்த அறை வேண்டும். கப்பலின் மூக்கும் வாலும்தான் அதிகமாக ஏறி இறங்கும், உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும், நடுப்பகுதியின் கீழ்த் தளத்தில் குறைவு என்று ஏஜென்டும் ஒத்துக்கொண்டார். கடைசியில் மருமகளுக்கும் பேரனுக்கும் கீழ்த் தளத்தின் நடுவில் கண்ணாடி ஜன்னல் உள்ள அறை. அண்ணனும் அண்ணியும் மேலே, முன்பக்கத்துக்குச் சற்று அருகில், பால்கனி அறை. காசும் அதற்குத்தான் அதிகம்.

என் மருந்துப் பெட்டியில் இருந்தவை: உலக சுகாதார நிறுவன அளவுப்படியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், குளுக்கோஸ் பொடி, சர்க்கரை பார்க்கும் மெஷின், பிரஷர் மெஷின், சுக்குத்தூள், நார்த்தங்காய் ஊறுகாய். மணிக்கட்டில் மாட்டும் அழுத்தப் பட்டை இரண்டை மருமகளே வாங்கி வந்திருந்தார். அதற்கான ஆதாரம் பலவீனம். கெடுதல் இல்லை என்பதால் நான் தடுக்கவில்லை. சுக்கின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான்: ஆய்வுகள் இரண்டு விதமாகவும் சொல்கின்றன, சிலருக்கு வயிறு அடங்குகிறது.

முதல் இரவும் இரண்டாம் நாளும்

முதல் நாள் மாலை கப்பல் புறப்பட்டது. தென்மேற்குக் காற்று நிலத்தின் பக்கமிருந்து வீசுவதால் ஆகஸ்டில் சென்னையை ஒட்டிய கடல் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். அன்றிரவு யாருக்கும் எதுவும் இல்லை. 'இவ்வளவுதானா கடல்' என்ற தெம்பில் எல்லாரும் பஃபேயில் பூந்து விளையாடினார்கள். மறுநாள் முழுக்கக் கடல்தான். பிற்பகல் வரை அதே அமைதி.

மாலையில் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போகப் போக, தீவின் மறைப்பு குறைந்து இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலை வந்து சேர்ந்தது. பெரிய அலை இல்லை. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. குமட்டலுக்கு அந்த மெதுவான அசைவுதான் மோசம். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாகப் போகும் அசைவே அதிகம் பேரைப் படுக்கவைக்கிறது என்பது 1970களிலேயே சோதனைச்சாலையில் அளந்து பார்த்த விஷயம். படபடவென்று அதிரும் டிராக்டரில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் இங்கே சுருண்டு விழுவது அதனால்தான்.

முதலில் விழுந்தது பேரன். முதல் இரவு பையன் துள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இவனுக்கு எதற்கு மாத்திரை என்று அவன் அப்பா பாதி மாத்திரையைக் கொடுக்காமல் விட்டிருந்தார். மாலை ஆறு மணிக்கு அவன் கட்டிலில் குப்புறப் படுத்து போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்கு முதலில் கண்ணில் பட்டது கொட்டாவி. ஒன்றன் பின் ஒன்றாகக் கொட்டாவி, அப்புறம் வாயில் எச்சில் ஊறி அடிக்கடி விழுங்குவது, உதட்டைச் சுற்றி வெளுப்பு. இந்த நிலையில் வெளியே கூட்டிப் போயிருந்தால் தப்பித்திருக்கலாம். நான் செருப்பைத் தேடுவதற்குள் தலையணை நனைந்துவிட்டது.

அதற்கப்புறம் செய்தது: போனை வாங்கி வைத்தோம். மேலே நடுப்பகுதியில் காற்றோட்டமான இடத்தில், கப்பல் போகும் திசையைப் பார்த்து, தலையை அப்பாவின் தோளில் அசையாமல் சாய்த்து உட்காரவைத்தோம். வானமும் கடலும் சேரும் கோட்டை மட்டும் பார்க்கச் சொன்னேன். அந்தக் கோடுதான் அங்கே ஆடாத ஒரே பொருள். அதைப் பார்க்கும்போது கண்ணும் காதும் ஒன்றையே சொல்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் என்ற கணக்கில் கலந்த ஓ.ஆர்.எஸ்ஸை, ஐந்து நிமிடத்துக்கு இரண்டு ஸ்பூன் வீதம் கொடுத்தோம். டம்ளரில் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். இருட்டும்வரை அங்கேயே இருந்தான். இருட்டிய பிறகு கோடும் இல்லை என்பதால், குமட்டல் தணிந்திருந்த அந்த நேரத்தில் பாதி மாத்திரையைக் கொடுத்து, கீழே மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொன்னோம். தூங்கிவிட்டான்.

மருமகளுக்கு லேசான தலைபாரம், அவ்வளவுதான். ஏற்காட்டு பஸ்ஸில் பாதி வழிகூட தாங்காதவர் அன்றைய கடலைத் தாங்கினார் என்றால், மாத்திரை, அறை இருந்த இடம், இரவில் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாமல் தயிர்ச்சோறும் நார்த்தங்காயும் போதும் என்று நிறுத்திக்கொண்டது, மூன்றுமே சேர்ந்துதான். இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மணிக்கட்டுப் பட்டை தான் காப்பாற்றியது என்று அவர் இன்றுவரை சொல்கிறார், சரி.

மூன்றாம் நாள் காலை

இரவில் மேல் அறையில் அண்ணன் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறார். அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். "தங்கச்சிகிட்ட சொல்லாதே, கிண்டல் பண்ணும்" என்றாராம்.

காலையில் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் போய்க் கரையோடு கட்டப்பட்டது. அண்ணன் வீட்டு வழக்கப்படி ஏழரைக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். இட்லியைப் பிட்டார், வாய் வரை கொண்டுபோய்த் தட்டிலேயே வைத்துவிட்டார். மருமகளிடமிருந்து ஒரு ஆன்டான்செட்ரான் வாங்கிப் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். மற்றவர்கள் ஊர் பார்க்க பஸ் ஏறினார்கள். கால் வலி காரணமாகப் பெரியம்மா இறங்கவில்லை, அவரோடு நானும் இருந்துவிட்டேன். அண்ணியும் அறையில்.

பத்து மணிக்கு மேல் அண்ணி போன் செய்தார். "அவருக்கு வேர்த்துக் கொட்டுது, கடல் ஒத்துக்கலை போல. தூங்கட்டும்னு விட்டிருக்கேன்." போய்ப் பார்த்தேன். ஏ.சி. ஓடும் அறையில் அவருடைய பனியன் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு நனைந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது, கை சில்லென்றிருந்தது. இது எல்லாமே கடல் குமட்டலிலும் வரும்.

மூன்று விஷயம் எனக்குப் பொருந்தவில்லை. முதலாவது, கப்பல் கட்டி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. மேஜை மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. பேரன் உள்பட எல்லாரும் தெளிந்து ஊர் சுற்றப் போயிருக்கிறார்கள், இவர் மட்டும் நேரம் ஆக ஆக மோசமாகிறார். இரண்டாவது, விரல்கள் நடுங்கின. மூன்றாவது, "என்ன பண்ணுதுண்ணா?" என்று கேட்டதற்கு, "பசிக்குது, வண்டியை எங்காவது ஓரங்கட்டச் சொல்லு" என்றார். கடல் குமட்டலில் இருப்பவருக்குப் பசி எடுக்காது. கப்பலில் இருப்பவர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லவும் மாட்டார்.

விரலைக் குத்திப் பார்த்தேன். 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று நடவடிக்கை எடுக்க வேண்டும்.

அண்ணி ஃப்ரிட்ஜிலிருந்து சாக்லெட்டை எடுத்து நீட்டினார். சாக்லெட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அதை வாங்கவில்லை. ஆள் விழித்திருந்தார், விழுங்க முடிந்தது. குளுக்கோஸ் பொடி சுமார் 15 கிராம் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, தலையை நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, புரையேறிவிடும். பதினைந்து நிமிடம் கழித்து 66. அதே அளவு மறுபடி. அடுத்த பதினைந்து நிமிடத்தில் 98. நடுக்கம் நின்றது. "நான் என்ன சொன்னேன்?" என்று அவரே கேட்டார். இடையில் அண்ணி அறைப் போனில் கப்பலின் மருத்துவ அறையைக் கூப்பிட்டிருந்தார்.

98 வந்ததும் விட்டுவிட முடியாது. கிளிமிப்பிரைடின் வேலை கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நீடிக்கும். குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றிய சர்க்கரை ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். நான்கு உப்பு பிஸ்கட்டை மென்று உள்ளே தள்ளவைத்தோம்.

கப்பல் மருத்துவ அறையில்

கீழ்த் தளத்தில் இருந்த மருத்துவ அறைக்குச் சக்கர நாற்காலியில் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்னென்ன மாத்திரை? அண்ணி ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். டப்பாவில் அடங்குவதற்காக அட்டைகளையெல்லாம் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி வைத்திருந்தார்கள். வெள்ளித்தாளின் பின்பக்கம் ஒன்றில் 'மிப்', ஒன்றில் வெறும் '40', மற்றதில் காலாவதித் தேதியின் பாதி. மருந்துச் சீட்டு கிருஷ்ணகிரியில் பீரோவில் இருந்தது. கடலில் போன் எடுக்காது என்றாலும் துறைமுகத்தில் இருந்ததால் கப்பல் வைஃபையில் டாக்டரைப் பிடிக்கலாம் என்று முயன்றோம், கிடைக்கவில்லை. எனக்கு அவருடைய மாத்திரைகள் தெரிந்திருந்ததால் தப்பித்தோம்.

பிரஷர் படுத்த நிலையில் 104/64, எழுந்து நின்றபோது 88. நாக்கு வறண்டிருந்தது. இரவு முதல் ஒரே ஒருமுறைதான் சிறுநீர் போயிருந்தார். வாந்தியில் நீர் போனது ஒருபுறம், அதன் மேல் நீர் மாத்திரை கலந்த பிரஷர் மருந்து மறுபுறம். சிறுநீர் குறைந்தது புராஸ்டேட் அடைப்பாலா என்று டாக்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். சிறுநீர்ப்பை நிரம்பவில்லை, நீரிழப்புதான் என்றார். சலைன் ஏற்றினார்கள். இத்தகைய இடங்களில் வழக்கமாகப் போடும் புரோமெத்தசின் ஊசியைப் புராஸ்டேட்டைச் சொன்னதும் நிறுத்திவைத்தார்.

எடுத்த முடிவுகள் மூன்று. கிளிமிப்பிரைடு-மெட்ஃபார்மின் மாத்திரையை, அவர் வழக்கம்போல் சாப்பிட ஆரம்பிக்கும்வரை நிறுத்துவது. சாப்பிடாமல் கிளிமிப்பிரைடு போட்டால் சர்க்கரை இறங்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மின் ஆகாது. பிரஷர் மாத்திரையும் அதே விதி; நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பது மூன்றாவது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரைக் கேட்டு அளவைத்தான் மாற்ற வேண்டும்.

அங்கேயே இறங்கி விமானத்தில் ஊர் திரும்பலாமா என்று மகன் கேட்டார். அன்று மாலை கப்பல் கிளம்பினால் தீவின் தென்கிழக்கு முனையைச் சுற்றும்வரை மறுபடி அதே அலை. அதற்கப்புறம் தீவின் மறைப்பு. அந்தச் சில மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் போதும். சர்க்கரையும் பிரஷரும் ஏறியிருந்தன, கப்பலில் டாக்டர் இருக்கிறார். கார், விமானம், மறுபடி கார் என்று அலைவது அதைவிடச் சிரமம் என்று தொடரவே முடிவு செய்தோம்.

திரும்பும் வழி

மருமகள் தன் அறையை மாமனாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மேலே போனார். கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அண்ணன் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டுக் கீழ்த் தளத்துக் கட்டிலில் மல்லாக்கப் படுத்தார். தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து அசையாமல் வைத்தோம், கண் மூடியபடி. மருந்து எதுவும் தரவில்லை. குமட்டல் இருந்தது, வாந்தி வரவில்லை. அன்று இரவு சர்க்கரை 120க்கும் 160க்கும் இடையில் நின்றது. கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்றுதான் விட்டோம்.

நான்காம் நாள் திருகோணமலையில் அவரே இறங்கினார். கோணேசுவரம் கோயிலுக்கு மேடேறி நடந்தார், மூச்சு வாங்க. ஐந்தாம் நாள் கடலில் காற்று இருந்தும் யாரும் படுக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் மூளை அந்த ஆட்டத்துக்குப் பழகிக்கொள்கிறது. குறுகிய பயணக்காரர்களுக்கு இதில் ஒரு எரிச்சல் உண்டு: பழகி முடிக்கும்போது ஊர் வந்துவிடும்.

ஊர் வந்த பிறகு

மருமகளுக்கு வீட்டில் தலைக்குக் குளிக்கக் கண்ணை மூடினால் குளியலறை ஏறி இறங்குவதுபோல் இருந்தது. இரண்டு நாளில் தானாகப் போய்விட்டது. இது பலருக்கும் வரும். வாரக்கணக்கில் நீடித்தால்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு மறுநாளே ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.5 இருந்தது, பத்து நாள் கழித்து அவருடைய வழக்கமான 1.0க்கு இறங்கியது. எங்கள் டாக்டர் கிளிமிப்பிரைடின் அளவைப் பாதியாக்கினார். கேட்டுப் பார்த்ததில் தோப்பில் வேலை நெருக்கும் நாட்களில் அண்ணன் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வியர்த்த அனுபவம் முன்பே இருந்திருக்கிறது. வெயில் என்று நினைத்துக்கொண்டாராம்.

கப்பல் மருத்துவ அறைக் கட்டணம் அறைக் கணக்கில் ஏறியிருந்தது. பயணக் காப்பீட்டில் அதைக் கேட்டோம், தரவில்லை. விண்ணப்பத்தில் ஏஜென்ட் அலுவலகம் 'ஏற்கெனவே உள்ள நோய்: இல்லை' என்று நிரப்பியிருந்தது. அண்ணன் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எதை மாற்றிச் செய்வோம்

குமட்டலைத் தடுப்பதில் பெரிதாக மாற்ற ஒன்றும் இல்லை. வாங்கிய மாத்திரையை நாள் தவறாமல் போட வேண்டும், கடல் அமைதியாக இருந்தாலும். பேரனுக்கு இனி இரவுப் பொறுப்பு அம்மாவிடம். அறை ஒதுக்குவதைத்தான் தலைகீழாகச் செய்வோம். மாத்திரை போடக்கூடியவர் எங்கே இருந்தாலும் ஓரளவு சமாளிப்பார், போட முடியாதவருக்குத்தான் கீழ்த் தளத்து நடு அறை தேவை. நாங்கள் காசையும் வயதையும் பார்த்து, மரியாதைக்காக மேல் அறையை அண்ணனுக்குக் கொடுத்திருந்தோம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுகிற எவருக்கும், 'சாப்பிட முடியாத நாள்' எப்படி என்பதைப் புறப்படும் முன் டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். எங்கள் டாக்டர் இப்போது அண்ணனுக்குக் கையகல அட்டையில் தமிழில் எழுதித் தந்திருக்கிறார்: சாப்பாடு தட்டில் வந்து, பாதி உள்ளே போன பிறகுதான் சர்க்கரை மாத்திரை, ஒருமுறைக்கு மேல் வாந்தி என்றால் எந்தெந்த மாத்திரை நிறுத்த வேண்டும், வியர்த்தால் முதலில் விரலைக் குத்து. 'சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதுவது வீட்டில் சரி. கடலில் அந்தச் சாப்பாடு உள்ளே போகுமா என்பது யாருக்கும் தெரியாது.

அட்டையை வெட்டக் கூடாது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எல்லா மாத்திரைப் பெயரும் அளவும் எழுதிய தாள் டப்பாவுக்குள்ளேயே இருக்க வேண்டும், அதன் படம் வீட்டில் இரண்டு பேர் போனிலாவது.

வாந்தி எடுத்ததை மறைப்பதற்கு என்ன செய்வது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அண்ணி, இனி நானே சொல்லிவிடுவேன் என்கிறார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய தங்கை வீட்டார் டிசம்பரில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போகிறார்கள். மூன்று நாள் ஓட்டம், அதுவும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில். தங்கை கணவருக்கும் சர்க்கரை உண்டு. அவருக்கான அட்டை வாங்கியாகிவிட்டது. மெஷினுக்குக் குத்தும் ஊசியும் ஸ்ட்ரிப்பும் மட்டும் இன்னும் வாங்க வேண்டும்.